மருந்தைக் கொண்டுவந்து கொடுக்க ஓர் இடம் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும் வணக்கம்.

அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. வேட்டி சட்டைகளைக் கொடுத்துவிட்டோம். மருந்து டப்பாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போட்ட மாத்திரைகள், பாதி தீர்ந்த இன்சுலின், ஊசிகள், பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக், கடைசி நாட்களில் வலிக்குக் கொடுத்த மார்ஃபின். சில அட்டைகளில் காலாவதி தேதியே இல்லை. கடையில் கத்தரித்துக் கொடுத்தபோது தேதி இருந்த பக்கம் அங்கேயே தங்கிவிட்டது.

வாங்கிய கடையில் கேட்டேன். "குப்பையில போட்டுடுங்கம்மா" என்றார்கள். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கேட்டேன். "போடுங்க. ஊசி இருந்தா மட்டும் சொல்லிடுங்க, போன மாசம் கையில குத்திடுச்சு" என்றார். அவர் கையுறையில் இரண்டு விரல் நுனி கிழிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் போட மனம் வரவில்லை.

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே காலாவதி மருந்தையும் பயன்படுத்திய ஊசியையும் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைத்து, அது திறந்திருக்கும் நேரத்தையும் மக்களுக்கு அறிவிக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தன. எங்கள் வார்டு அலுவலகத்தில் விசாரித்தேன். அப்படி ஒரு மையம் எங்கே என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கழிப்பறையில் கொட்டலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 17 மருந்துகளை மட்டும்தான் அப்படி அப்புறப்படுத்தச் சொல்கிறது. வேறு யாராவது தெரியாமல் விழுங்கினால் ஒரே வேளையில் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த விதிவிலக்கு. மார்ஃபின் அதில் இருந்தது. அதை மட்டும் கொட்டினேன். மற்றவற்றைக் கொட்டக் கூடாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்தைப் பிரித்தெடுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஆன்டிபயாடிக் எச்சம் நீரில் கலந்தால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருக வழி பிறக்கும். குப்பைக் கிடங்குக்குப் போனாலும் ஒரு மழை போதும், நிலத்தில் இறங்கிவிடும்.

கேரளத்தில் வழி கண்டிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் 'என்பிரவுட்' திட்டம் தொடங்கி, பயன்படாத மருந்துகளை மக்களிடமிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். நம்மிடம் அதற்கான பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவக் கழிவை எடுத்துப்போக வண்டி வருகிறது, எரிக்க ஆலையும் இருக்கிறது. அதே நிலையத்தின் வாசலில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வையுங்கள். உள்ளே கைவிட்டு யாரும் எடுக்க முடியாதபடி வாய் குறுகலாக இருக்கட்டும். ஊசிக்குத் தனியாக, துளைக்க முடியாத கெட்டியான டப்பா. அப்புறம், பெட்டி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு மருந்துக்கடையிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மருந்து வாங்கும் இடத்தில்தானே அதைப் பார்ப்போம்.

எங்கள் வீட்டு டப்பா பீரோவின் மேல் இருக்கிறது. சாவி போட்டு உள்ளே வைக்கலாம் என்றால், பேரப்பிள்ளைகள் விளையாடும்போது திறக்கும் பீரோ அது.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடும்பத் தலைவி