சிஸ்டர், ஆய்வை மூடிவிட்டோம்

அன்புள்ள சிஸ்டர்,

செப்டிக் ஷாக்கில் (கிருமித் தொற்றால் ரத்த ஓட்டம் குலையும் நிலை) வரும் குழந்தைகளுக்குப் போலஸ், அதாவது ரத்தக் குழாயில் வேகமாகத் திரவம் ஏற்றுவது பற்றிய நம் ஆய்வை இத்துடன் நிறுத்துவதென்று நேற்று முடிவாகிவிட்டது. சேர வேண்டிய குழந்தைகளில் பாதிகூடச் சேரவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அந்த ஒரு இரவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடம் இது, குழந்தையைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன். செப்டிக் ஷாக். அடுத்த போலஸ் தொடங்குவதற்குள் குழந்தை ஆய்வின் எந்தச் சிகிச்சைப் பிரிவு என்று தெரிந்தாக வேண்டும். அம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், கையில் ஒற்றைக் காலுறை. பதினோரு பக்க ஒப்புதல் படிவத்தோடு போன நீங்கள், அதை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள்.

பதிவேட்டில் அதை 'பணியாளர் தவறு' என்று எழுதினேன். மன்னித்துவிடுங்கள். 'பெற்றோரை அணுகும் நிலை இல்லை' என்று ஒரு கட்டமே அதில் இல்லை. அதைத் தயாரித்தவன் நான்தான்.

ஆனால் அந்த ஒரு இரவோடு நிற்கவில்லையே சிஸ்டர். நிலைமை மோசமான குழந்தைகளின் பெற்றோரிடமெல்லாம் கேட்காமலே விட்டால், சற்றுத் தேறியவர்கள்தான் சேருவார்கள். முடிவும் அவர்களுக்குத்தான் பொருந்தும். இறப்பு 4 சதவீதத்திலிருந்து 3 ஆகிறதா என்று பார்க்கவே ஒரு பிரிவுக்குச் சுமார் 5,300 குழந்தைகள் வேண்டும். அது முடியாமல்தான் 28 நாளில் குழந்தை வென்டிலேட்டர் இல்லாமல் உயிரோடிருந்த நாட்களை எண்ணினோம். 'தெரிந்த சிகிச்சையையே கொடுப்போமே' என்றீர்கள். வேகமாகப் போலஸ் ஏற்றுவதும் தெரிந்த சிகிச்சைதான். 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வில், கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகள். 48 மணி நேரத்தில் இறந்தவர்கள், போலஸ் பெற்றவர்களில் சுமார் 10.5 சதவீதம், பெறாதவர்களில் 7.3. அங்கே வென்டிலேட்டர் வசதி இல்லை, அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அதனால்தானே அதே கேள்வியை நாமும் இங்கே கேட்கப் புறப்பட்டோம்?

உங்களைப் போல ரத்தம் எடுக்க யாருக்கும் வராது. 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 240 மில்லி. ஆய்வுக்கென்று ஒரு தடவையில் 1 சதவீதம், 2.4 மில்லிதான் எல்லை. நான்கு வாரத்துக்கு 3 சதவீதம். ஆர்ட்டீரியல் லைனில் (தமனியில் செருகிய குழாயில்) முதலில் இழுத்ததைக் கொட்டாமல் திரும்பச் செலுத்துவீர்கள். காலைச் சோதனைக்கு எடுக்கும்போதே நமக்கான அரை மில்லியையும் எடுத்துவிடுவீர்கள். ஆய்வுக்காக மட்டும் ஒரு குழந்தையையும் நீங்கள் குத்தியதில்லை.

அடுத்த வரைவில், முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு ஒப்புதல் கேட்கும் முறைக்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கப்போகிறேன். சில நாடுகளில் சட்டமே இதற்கு இடம் தருகிறது. ஆனால் கேட்பதற்குள் குழந்தை போய்விட்டால் பெற்றோரிடம் எப்போது சொல்வது, யார் சொல்வது, கடிதமா, நேரிலா? 'நான்கு வாரம் கழித்து' என்று எழுதி இரண்டு முறை அழித்துவிட்டேன். அந்தப் பத்தியை நீங்கள் எழுதித் தாருங்கள்.