பழுதுபார்க்கக் கொடுத்த எமரால்ட் கேம் கார்ட்ரிட்ஜின் அசல் சர்க்யூட் போர்டைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
உங்களிடம் இரண்டு போக்கிமான் கார்ட்ரிட்ஜுகளைப் பேட்டரி மாற்றக் கொடுத்த வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: எமரால்ட் கார்ட்ரிட்ஜில் போலி போர்டு, கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் சேவ் (விளையாட்டுப் பதிவு) அழிந்தது – தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் சாட்டில், இலவச எண்ணில், மின்னஞ்சலில், கவுன்ட்டரில் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புது டிக்கெட் எண் ஒன்றைக் கொடுத்துப் பழையதை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுகிறீர்கள். எது தீர்ந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் இந்தக் கடிதம். தயவுசெய்து இதை முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். முதல் பத்தியைப் பார்த்துவிட்டு ‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு வரி தட்டிவிட வேண்டாம்.

நான் கொடுத்தவை இரண்டு போக்கிமான் கேம்கள். ஒன்று கேம்பாய் கலர் என்ற கையடக்கக் கருவிக்கான கிரிஸ்டல். மற்றொன்று கேம்பாய் அட்வான்ஸுக்கான எமரால்ட், லேபிளில் ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ என்று இருப்பது. இரண்டுக்கும் பேட்டரி மாற்ற வேண்டும், கிரிஸ்டலில் உள்ள சேவ் கோப்பை முதலில் பேக்கப் எடுத்துவிட்டு மாற்ற வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். பேக்கப்புக்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டீர்கள்.

திரும்பி வந்த எமரால்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஓடு என்னுடையதுதான். லேபிளின் ஓரத்து உரசலும், லேபிளில் அழுத்திப் பதிந்த சின்ன எண்ணும் அப்படியே இருக்கின்றன. உள்ளே இருக்கும் போர்டு என்னுடையது இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஓட்டைத் திறக்கவே வேண்டாம். எமரால்டின் ஓடு உள்ளே தெரியும் பச்சை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசல் போர்டில் சிப்புகள் வரிசையாகக் கால் வைத்து உட்கார்ந்திருக்கும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே கடிகாரத்துக்கான 32.768 கிலோஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். நீங்கள் அனுப்பியதில் நடுவில் கறுப்பு எபாக்ஸிப் பசை ஒரு சொட்டு, உருகிய தார் மாதிரி. சிப் என்ன, தயாரித்தவர் யார், எதுவும் தெரியாதபடி மூடியிருக்கிறது. கீழே கான்டாக்ட் பற்களுக்கு மேலே போர்டில் நின்டெண்டோ என்று அச்சாகியிருக்க வேண்டும். அந்த இடம் காலி.

போர்டு மாறியதையும் அதில் என் சேவ் இல்லாததையும் சொன்னதற்கு உங்கள் தொலைபேசிப் பிரிவில் கிடைத்த பதில்: “பேட்டரியைக் கழட்டினா சேவ் போகத்தான் சார் செய்யும், அது நார்மல்.” இது எமரால்டுக்குப் பொருந்தாது. ஒரே தலைமுறைக் கேம்களான ரூபி, சஃபையர், எமரால்ட் மூன்றிலும் சேவ் இருப்பது 1 மெகாபிட் ஃப்ளாஷ் மெமரியில். அதற்குப் பேட்டரியே தேவையில்லை. அந்த சிஆர்1616 பேட்டரி இருப்பது கடிகாரத்தை ஓட்ட மட்டும்: கேமுக்குள் பெர்ரிச் செடி வளர, ஷோல் கேவ் குகையில் நீர் ஏறி இறங்க, தினசரி லாட்டரி மாற. பேட்டரியைப் பிடுங்கி மாதக்கணக்கில் மேசையில் போட்டு வைத்தாலும் சேவ் இருக்கும். அப்படியிருக்க என் சேவ் எப்படிப் போனது?

கிரிஸ்டல் கதை இதற்கு நேர் எதிர். அதில் சேவ் எஸ்ரேமில் (மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நினைவில் வைக்கும் சிப்) இருக்கிறது. பேட்டரி ஒரு நொடி விலகினாலும் அழிந்துவிடும். அதனால்தான் பேக்கப் கேட்டேன். அதைப் பற்றிக் கேட்டபோது அதே ஆள், “அது ஃப்ளாஷ் சார், ஒண்ணும் ஆகாது, நீங்க சரியா செருகலை” என்றார். எமரால்டுக்குச் சொல்ல வேண்டியதைக் கிரிஸ்டலுக்கும், கிரிஸ்டலுக்குச் சொல்ல வேண்டியதை எமரால்டுக்கும் சொல்கிறார். போக்கிமான் கார்ட்ரிட்ஜ் சர்வீஸ் என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு!

இந்த இடத்தில் உங்கள் ‘சீனியர் எக்ஸிக்யூட்டிவ்’ பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போர்டு மாறியிருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு அவர் சொன்னது இது: “சார், இது சின்னப் பசங்க கார்ட்டூனைப் பார்த்துப் போட்ட கேம். புதுசா ஒண்ணு வாங்கிக்கங்களேன்.” சொல்லிவிட்டு என்னை ஹோல்டில் போட்டார். ஹோல்டில் என்ன இசை ஓடியது என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. அவர் திரும்பி வரவே இல்லை. கார்ட்டூனைப் பார்த்துப் போட்ட கேமா? கேம் ஜப்பானில் வெளியானது 1996 பிப்ரவரி 27-ல். கார்ட்டூன் தொடங்கியது 1997 ஏப்ரல் 1-ல். போக்கிமான் அட்வென்ச்சர்ஸ் காமிக்ஸும் 1997-ல்தான். எல்லாமே கேமிலிருந்து வந்தவை. உங்கள் ஊழியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில் தவறில்லை, ஏனென்றால் மூன்றையுமே விற்றுத்தான் நீங்கள் கடை நடத்துகிறீர்கள்.

புதிதாக வாங்கு என்பது எவ்வளவு பொறுப்பில்லாத பேச்சு என்று பாருங்கள். ஒவ்வொரு போக்கிமானோடும் அதை முதலில் பிடித்தவரின் பெயரும் ஐந்து இலக்க ஐடி எண்ணும் ஒட்டியிருக்கின்றன. எங்கே, எந்த லெவலில் கிடைத்தது என்பதும், போட்டிகளில் வாங்கிய ரிப்பன்களும் அதோடு பதிந்திருக்கின்றன. இன்னொரு கார்ட்ரிட்ஜில் அதே ரேக்குவாசா என்ற போக்கிமான் இருக்கும், என் ரேக்குவாசா இருக்காது. என் வாழ்நாள் முழுவதும் சேர்த்த அத்தனையும் அந்த ஒரு போர்டில் இருந்தது. இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

சேர்த்தது அங்கேயே கிடக்கப்போவதும் இல்லை. எமரால்டிலிருந்து அடுத்து வந்த டயமண்ட் கேமுக்கு, அங்கிருந்து பிளாக் கேமுக்கு, 3டிஎஸ் கருவியில் போக்கிமான் பேங்க் வழியாகக் கடைசியில் போக்கிமான் ஹோம் என்ற சேமிப்பகத்துக்கு என்று ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது, அதுவும் ஒருவழிப் பாதை. முதல் படி, டயமண்டில் உள்ள பால் பார்க் என்ற இடப்பெயர்ப்பு வசதி. டிஎஸ் அல்லது டிஎஸ் லைட் கருவியின் கீழ்ப்பக்கத்து ஸ்லாட்-2-ல் எமரால்டைச் செருக வேண்டும் (டிஎஸ்ஐயில் அந்த ஸ்லாட்டே கிடையாது), ஒரு தடவைக்கு ஆறு போக்கிமான். எச்எம் எனப்படும், சாதாரணமாக மறக்கடிக்க முடியாத வித்தை தெரிந்த போக்கிமானை அது ஏற்காது, ஆகவே முன்னதாகவே கேமில் வரும் லிலிகோவ் நகரத்து மூவ் டிலீட்டரிடம் கொண்டுபோய் சர்ஃப், ஃப்ளை எல்லாவற்றையும் மறக்கடித்துத் தயாராக வைத்திருந்தேன். உங்களிடம் கொடுப்பதற்கு முன் டயமண்டின் தொடக்க மெனுவில் எமரால்டிலிருந்து இடம்பெயர்க்கும் வரி வந்தது. இப்போது அதே டிஎஸ் லைட், அதே டயமண்ட் கார்டு. அந்த வரி வரவில்லை. என்னிடம் உள்ள சஃபையரைச் செருகினால் வருகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வேண்டுமென்றால் இன்னொன்று. கேம் தொடங்கும்போது உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, விளையாடலாம், ஆனால் நேரம் சார்ந்த நிகழ்வுகள் நடக்காது என்று ஒரு செய்தி வரும். அது வந்ததால்தானே உங்களிடம் கொடுத்தேன்! புதுப் பேட்டரி போட்டுத் திரும்பி வந்த பிறகும் அதே செய்தி வருகிறது. உங்கள் டெக்னீஷியன் போலி போர்டில் ஒரு புதுப் பேட்டரியை வைத்திருக்கிறார். அந்த போர்டில் கடிகாரச் சிப்பே இல்லை, பேட்டரி எதை ஓட்டும்? இந்த வகைப் போலிகளில் பேட்டரி, சேவ் கோப்பைத் தாங்கத்தான் இருக்கும். அது தீர்ந்தால் சேவும் போகும். (அசல் போர்டில் பேட்டரி மாற்றியிருந்தால் வேறொரு சிக்கல் வந்திருக்கும்: கடிகாரம் மறுபடி தொடக்கத் தேதியிலிருந்து ஓடுவதால், சேவில் பதிந்த பழைய நாளை எட்டும்வரை பெர்ரி அசையாது. விஷயம் தெரிந்த மெக்கானிக் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். உங்கள் ஆட்கள் சொல்லவில்லை.)

கிரிஸ்டலுக்கு வருகிறேன். அதில் இருக்க வேண்டியது சிஆர்2025: 20 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன், இரு பக்கமும் தகடு ஸ்பாட்-வெல்டு செய்தது. கடிகாரமும் எஸ்ரேமும் ஒரே பேட்டரியில் ஓடுவதால் அதற்குப் பெரிய பேட்டரி தேவை. நீங்கள் போட்டிருப்பது சிஆர்1616. 16 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டர், கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் 3 வோல்ட்தான், அதனால் வேலை செய்வது போலத் தெரியும், ஆயுள் வராது. அதையாவது சால்டர் செய்தீர்களா? இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். ஓட்டை மெல்லத் தட்டினாலே தொடர்பு விடுகிறது, தொடர்பு விட்டால் சேவ் காலி. தகடில்லாத காயின் பேட்டரியின் மேலேயே சால்டர் அயர்ன் வைத்தால் சூட்டில் பேட்டரி கெடும் என்பதற்காக டேப் போட்டோம் என்று சொல்வீர்கள். தகடு வைத்த சிஆர்2025 தனியாகவே கிடைக்கிறது. இது என்ன ராக்கெட் விஞ்ஞானமா?

பேக்கப் எடுத்தோம் என்று ரசீதில் டிக் போட்டிருக்கிறீர்கள். எடுத்திருந்தால் அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இருக்கும். கிரிஸ்டலின் சேவ் வெறும் 32 கிலோபைட், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்தை விடச் சின்னது. அனுப்புங்கள். எடுக்கவில்லை என்றால் எடுத்ததாகப் பொய்யாக டிக் போட்டுக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு என்ன பெயர் என்று நுகர்வோர் மன்றத்தில் சொல்வார்கள்.

நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று சாட்டில் சொன்னார்கள். வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், “பொருள் இங்க வராதுங்க, பணிமனைக்குத்தான் போகும்” என்றார். பணிமனை முகவரி கேட்டேன். “அங்க கஸ்டமர் போகக்கூடாதுங்க” என்றார். அப்படியானால் மேலாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். மேலாளர் சாட்டில்தான் இருப்பாராம்! இதற்கு எதற்கு என்னை வரவழைத்தீர்கள்? கவுன்ட்டரில் இருந்தவரைக் குறை சொல்லவில்லை, பாவம், அவர் மட்டும்தான் உங்கள் நிறுவனத்திலேயே மரியாதையாகப் பேசினார், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். ஆனால் என் ஒரு நாள் வீண்.

பிறகு உங்கள் நல்லெண்ணப் பரிசு வந்தது. எமரால்ட் போனதால் எமரால்ட் காமிக்ஸ் தருகிறீர்களாம். போக்கிமான் அட்வென்ச்சர்ஸில் எமரால்ட் கதை 26 முதல் 29 வரை நான்கு தொகுதிகள். நீங்கள் அனுப்பியது 26-ம் 28-ம். இதைப் பரிசு என்று ஏற்றுக்கொண்டால் புகார் முடிந்ததாகக் கருதப்படும் என்று உள்ளே ஒரு சீட்டு வேறு. ஏற்கவில்லை. இரண்டு தொகுதிகளும் உறை பிரிக்காமல் இங்கே இருக்கின்றன, உங்கள் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புது கேம் வேண்டாம், கூப்பன் வேண்டாம். என் எமரால்ட் போர்டு உங்கள் பணிமனையில் ஏதோ ஒரு டப்பாவில் கிடக்கிறது, அல்லது வேறொருவருடைய ஓட்டுக்குள் போய்விட்டது. வேண்டுமென்றே யாரோ மாற்றினார்களா, இரண்டு கார்ட்ரிட்ஜை ஒன்றாகத் திறந்து வைத்துக் குழம்பினார்களா, அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். அடையாளம் காண்பது எளிது: ஆன் செய்து சேவில் இருக்கும் ட்ரெயினர் ஐடியை (அந்த ஐந்து இலக்க எண்ணை) பாருங்கள், கொடுக்கும்போது நான் எடுத்த ட்ரெயினர் கார்டு படம் இத்துடன் இருக்கிறது. போர்டு கிடைத்ததும் யாரும் ‘நியூ கேம்’ அழுத்திச் சேவ் செய்துவிடக் கூடாது, பழையது அதோடு அழிந்துவிடும். இதை அந்த சீனியர் எக்ஸிக்யூட்டிவுக்குத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

பொருளைப் பெற்றபோது எடுத்த படங்களையும், வேலைச் சீட்டின் நகலையும், சீனியர் எக்ஸிக்யூட்டிவுடன் நான் பேசிய உரையாடலின் பதிவையும் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ‘தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். கிரிஸ்டலுக்குச் சரியான பேட்டரியைச் சரியான முறையில் போட்டு, சேவ் கோப்பை ஏற்றித் தர வேண்டும். பேக்கப் கட்டணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், ரசீது, படங்கள், டிஎஸ் லைட்டில் எடுத்த வீடியோ எல்லாவற்றோடும் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். போலி போர்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நின்டெண்டோவுக்கும் எழுதுவேன். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. நல்லபடியாக முடித்துக்கொடுத்தால் நன்றியுடன் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: போர்டைத் திருப்பி அனுப்பும்போது ஆன்டி-ஸ்டாடிக் பையில் போட்டு அனுப்பவும். போன முறை போல செலோ டேப் சுற்ற வேண்டாம். அதன் பசை கான்டாக்ட் பற்களில் ஒட்டிக்கொண்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடுக்க நான்தான் உட்கார வேண்டியிருக்கிறது.