சவப்பெட்டிப் பாலம்

ஆசிரியருக்கு,

பழைய பாலங்கள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் ஊரில் உள்ள பாலத்தை விட்டுவிட்டீர்களே! டல்னன் ஆற்றின் மேல் 1717இல் ஜான் நிக்கல்சன் என்ற கொத்தனார் 100 பவுண்டுக்குக் கட்டிய பொதிக்குதிரைப் பாலம், அதாவது சுமை ஏற்றிய குதிரைகள் கடப்பதற்கான குறுகிய பாலம் அது.

பொதி ஏற்றுவதைவிடப் பிணம் எடுப்பதுதான் அங்கே பெரிய பாடாக இருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் இறந்தவரை அக்கரைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அதனால்தான் பாலமே வந்தது. ஊர்க்காரர்கள் சவப்பெட்டிப் பாலம் என்கிறார்கள்.

1829 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் கைப்பிடிச் சுவர்களையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒற்றைக் கல் வளைவு, எலும்புக்கூடு மாதிரி. மகள் வீட்டுக்குப் போனபோது பக்கத்துச் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தேன். இத்தனை ஒல்லியாக இருந்துகொண்டு எப்படித்தான் நிற்கிறதோ!

வாசகர், மதுரை