பருத்தியைப் பறித்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் வரலாற்றுப் பக்கத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர் வரிக்காகவும் மாநில உரிமைக்காகவும் மூண்டது, அடிமை முறை பிற்பாடு ஒட்டவைத்த காரணம் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1860 டிசம்பர் 20-ல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்துபோன தென் கரோலினா மாநிலம், ஏன் பிரிகிறோம் என்று தானே எழுதிவைத்த பிரகடனம் தங்களுக்குத் தெரியாததல்ல. இறக்குமதி வரி என்ற பேச்சே அதில் இல்லை. தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை என்பதுதான் புகார். எஜமானர்கள் அடிமைகளோடு தன் மண்ணைக் கடந்துபோகக்கூட நியூயார்க் மாநிலம் விடவில்லையாம், அதுவும் ஒரு குறை. நியூயார்க்குக்கு மட்டும் மாநில உரிமை கிடையாதா? வரியை உயர்த்திய சட்டம் 1861 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிவதென்று முடிவெடுத்தாயிற்று.

1854-ல் பாஸ்டனில் நடந்ததையாவது கட்டுரையாளர் படித்திருக்கலாம். தெற்கே வர்ஜீனியாவிலிருந்து தப்பிவந்து துணிக்கடையில் வேலை பார்த்த அந்தோணி பர்ன்ஸ் என்ற அடிமையைப் பிடித்து, துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் புடைசூழக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுகக் கட்டடங்களில் கறுப்புத் துணி. ‘சுதந்திரம்’ என்று எழுதிய சவப்பெட்டி ஒன்று தெருவுக்கு மேலே தொங்கியது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்த 1850-ம் ஆண்டுச் சட்டத்தைக் கேட்டு வாங்கியதே தெற்குதான்! அதே வாரத்தில், அடிமை முறை வேண்டுமா என்பதை அந்தப் புதிய பிரதேசங்களில் குடியேறுபவர்களே முடிவுசெய்யலாம் என்ற கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தாகி, இதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1820-ல் போட்ட எல்லைக்கோடும் அழிந்தது. அந்தச் சண்டையில் கான்சாஸில் கொலைகள் விழுந்தன. அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய வட மாநில செனட்டர் சம்னரை 1856-ல் செனட் அவையிலேயே பிரம்பால் அடித்துச் சாய்த்தார் தென் கரோலினாவின் நாடாளுமன்ற உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ். அடித்தவருக்குத் தெற்கிலிருந்து புதுப் பிரம்புகள் பரிசாக வந்தன. வரிக்காகவா இவ்வளவும்?

நான் பள்ளியில் வரலாறு எடுத்தவள். அடிமை முறையே காரணம் என்று எழுதிய மாணவி ஒருத்திக்கு, ‘வடக்கில் தொழில், தெற்கில் வேளாண்மை’ என்று விடைக்குறிப்பில் இருப்பதைக் காட்டி மதிப்பெண் குறைத்தார்கள். அந்த வேளாண்மை யார் கையால் நடந்தது? 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். பருத்தியைப் பறித்தவர்கள் அவர்கள். நான் எவ்வளவு வாதாடியும் குறைத்தது குறைத்ததுதான். அந்தப் பெண் அழுதுகொண்டே விடைத்தாளை மடித்து வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இன்று அதே பொய்யைத் தங்கள் இதழில், அதுவும் மாணவர்களுக்கான பக்கத்தில் படிக்கிறேன். முன்பு அடிமை வணிகம் பற்றிய கட்டுரைக்கு நான் எழுதிய கடிதத்திலும் ஆண்டுகளையெல்லாம் வெட்டிவிட்டு, பாராட்டிய இரண்டு வரியை மட்டும் போட்டீர்கள். நெடுநாள் வாசகி என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் தென் கரோலினா பிரகடனத்திலிருந்து ஒரு பத்தியைத் தமிழில் தாருங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், ஆண்டுகளை நீக்காமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்