ரத்தம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்களே

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் நீங்க போட்ட பாஸ்கெட்பால் கட்டுரை படிச்சேன். பழைய பாஸ்கெட்பால் பிளேயர் டெல் கர்ரியோட மகன்தான் இன்னைக்கு தூரத்துலேர்ந்து கூடைல போடறதுல பேர் வாங்குன ஸ்டீபன் கர்ரி, அதனால ஷூட்டிங், அதாவது குறிபார்த்து பந்தைக் கூடைல போடறது, அவருக்கு ரத்தத்துலயே ஊறினதுன்னு ஒரே வரியில தாண்டிப் போயிட்டீங்க, மனசு கேக்கல சார், அதான் எழுதறேன்.

ரத்தத்துல இருந்தா ஸ்கூல்ல படிக்கும்போது அந்தப் பையன் ஏன் பந்தை இடுப்புகிட்டேர்ந்து தூக்கி வீசிட்டு இருந்தான்? ஆளு ஒல்லிக்குச்சி, குட்டை வேற, அப்படிப் போட்டா காலேஜ்ல எவன் வேணா தட்டி விட்டுருவான்னு அப்பா ஒரு கோடை லீவு பூரா ஷாட்டையே பிரிச்சுப் போட்டு, தலைக்கு மேலேர்ந்து விடற மாதிரி முதல்லேர்ந்து கத்துக்கொடுத்தாரு. கூடைக்குப் பக்கத்துலேர்ந்து போட்டாதான் விழுது, தூரத்துலேர்ந்து ஒண்ணும் போகல, வீட்டுப் பின்பக்கம் நின்னு அழுதிருக்கான். இது ரத்தமா சார்?

சரி, அப்பா பேராவது உதவுச்சான்னா அதுவும் இல்ல. டெல் அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீகான என்பிஏல 16 சீசன் ஆடுனவரு, அதுல பத்து சார்லட் ஹார்னெட்ஸ் டீமுக்கு. அவர் ஆடுன வர்ஜீனியா டெக் காலேஜே மகனுக்கு ஸ்காலர்ஷிப் தரல, வேணும்னா வாக்-ஆன்-ஆ, அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாம டீம்ல சேர்ற ஆளா, வந்துக்கோன்னு சொல்லிட்டாங்க. அப்புறம்தான் டேவிட்சன்ங்கிற சின்ன காலேஜுக்குப் போனது.

லேக்கர்ஸ் டீம் 2024ல, புது பிளேயர்களை டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கற டிராஃப்ட்ல, லெப்ரான் ஜேம்ஸோட மகன் பிரானி ஜேம்ஸை 55ஆவது ஆளா எடுத்ததையும் இதையும் ஒரே தராசுல வச்சிருக்கீங்க. அதே டீம்ல ஆடுன லெப்ரான் அங்க இல்லன்னா எடுத்திருப்பாங்களான்னு எனக்கும் டவுட்தான். ஆனா 2023ல பிராக்டிஸ்ல இதயம் நின்னு விழுந்த பையன் அடுத்த வருஷமே அப்பாகூட ஒரே கோர்ட்ல இறங்குனான், அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

டெல் என்பிஏல மொத்தம் போட்டது 1,245 த்ரீ, அதாவது தூரத்துலேர்ந்து போட்டா மூணு பாயிண்ட் கிடைக்கிற ஷாட். 2021 டிசம்பர்ல நியூயார்க்ல ரே ஆலன் போட்டு வச்சிருந்த 2,973 த்ரீங்கிற ரெக்கார்டை மகன் ஸ்டீபன் தாண்டுனப்ப நமக்கு விடியக்காலை, பல்லு கூட விளக்காம டிவி முன்னாடி உக்காந்திருந்தேன், அப்பாவை வந்து கட்டிப்பிடிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முதுகுல நம்பர் 30, அதுவும் அப்பாவோடதுதான்.

இன்னொண்ணு சார். டெல் போட்டோவுக்குக் கீழ வெறும் 'ஸ்டீபனின் தந்தை'ன்னு போட்டிருக்கீங்க. பெஞ்சுலேர்ந்து எந்திரிச்சு வந்து கலக்குறவங்களுக்குத் தர்ற சிக்ஸ்த் மேன் அவார்டை 1994ல வாங்குன மனுஷன் அவரு, அடுத்த இதழ்லயாவது அதைப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்