விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டாருக்கும் மேளம் கட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் வேளையில் பிள்ளைகளுக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தரும் பெற்றோர் எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். திருச்சியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டார் கற்பித்தும் பழுது பார்த்தும் வருபவன் நான். அந்தப் பெற்றோர் கடைக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வருவதில்லை. வாங்கி, பிள்ளை வாசிக்க முடியாமல் திணறிய பிறகே வருகிறார்கள். ஆகவே, முன்கூட்டியே சொல்ல வேண்டியதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். 15,000 அல்லது 20,000 ரூபாய்க்கு இன்று கிடைக்கும் கிட்டார் மட்டமான கருவி அன்று. ஆனால் பெட்டியைப் பிரித்தவுடன் வாசிக்கத் தகுந்த கருவியும் அன்று. இடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் செய்யாமல் விடுவதால்தான் பல கிட்டார்கள் மூன்றே மாதத்தில் பரணுக்குப் போய்ச் சேர்கின்றன.

தஞ்சாவூர் வீணை வாங்குவோர் மேளம் கட்டாத வீணையை வீட்டுக்கு எடுத்துவர மாட்டார்கள். தந்தியை அழுத்தும் 24 உலோக மெட்டுகளையும் மெழுகில் பதித்து, சுரம் பிசகாதபடி ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகே அது வாசிக்கும் கருவியாகிறது. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் மேளம் கட்டக் கொடுப்பதும் வீணை இருக்கும் வீடுகளில் வழக்கம். கிட்டாரில் ஃபிரெட் எனப்படும் மெட்டுகள் கழுத்துப் பலகையில் அடித்து இறுக்கப்பட்டிருப்பதால், அதற்கு அப்படி ஒரு வேலையே கிடையாது என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். உண்மையில், கழுத்தின் வளைவு, தந்திகளின் உயரம், தலைப்பக்கம் உள்ள நட் என்னும் சிறு தடுப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம், அடியில் தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்கும் இடம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்தால்தான் கிட்டாரில் சுருதி நிற்கும். அந்த வேலைக்குத்தான் கிட்டார் வாசிப்போர் 'செட்டப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவள் தந்தை என்னிடம் அழைத்து வந்தார். இணையத்தில் வாங்கிய புதுக் கிட்டார். நான்கு மாதமாகப் பயிற்சி. ஆள்காட்டி விரலால் ஆறு தந்தியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் எஃப் கார்டு மட்டும் எத்தனை முறை பிடித்தாலும் ஒலிக்கவில்லை. "பிள்ளைக்கு இது வராது போலிருக்கிறது சார், கீபோர்டில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் இடக்கையை விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் தந்தி பதிந்த தடம் கன்றிக் கறுத்திருந்தது. கிட்டாரை வாங்கி மூன்றாவது மெட்டில் ஒவ்வொரு தந்தியாக அழுத்தி, முதல் மெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு தலைமுடி நுழையும் அளவு இருக்க வேண்டிய இடத்தில் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. நட்டின் பள்ளங்களைத் தொழிற்சாலையில் அரைகுறையாக வெட்டி விட்டிருந்தார்கள். அதனால் முதல் மெட்டில் அழுத்துவதற்கு இரு மடங்கு பலம் தேவைப்பட்டது. அழுத்திய பிறகும் தந்தி அதிகமாக இழுபட்டு, சுரம் ஏறியே ஒலித்தது. அதற்கென்று உள்ள மெல்லிய அரத்தால் ஆறு பள்ளங்களையும் சிறிது சிறிதாக இறக்கி, தந்தி மாற்றி, சுருதி சேர்த்துக் கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மாலையே அவள் எஃப் கார்டு பிடித்தாள். ஆறு தந்தியும் ஒலித்தன. நான்கு மாதமாகத் தன் கைமீது சுமத்திக்கொண்டிருந்த பழியை அந்தக் குழந்தை இறக்கி வைத்ததை அவள் முகத்தில் பார்த்தேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த முகம்தான்.

இப்படி ஏன் நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதை மாற்றுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். 1952இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட லெஸ் பாலும், 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரும்தான் இன்று குறைந்த விலையில் விற்கும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூல வடிவங்கள். ஃபெண்டர் தன் விலை குறைந்த கருவிகளை ஸ்குவையர் என்ற பெயரிலும், கிப்சன் எபிஃபோன் என்ற பெயரிலும் விற்கின்றன. 1990இல் தொடங்கிய யமஹாவின் பசிஃபிகா வரிசையும் இதே விலையில் நம்பி வாங்கக்கூடியது. இவற்றில் பல இந்தோனேசியாவிலும் சீனாவிலும் உள்ள பெரிய தொழிற்சாலைகளில் உருவாகின்றன. அங்கே மரத்தை வெட்டுவதும் கழுத்தைச் செதுக்குவதும் கணினி இயக்கும் இயந்திரங்கள்; லட்ச ரூபாய்க் கிட்டாரையும் அதே வகை இயந்திரங்கள்தான் வெட்டுகின்றன. அதனால் மரவேலையில் விலைக்கு ஏற்ற ஏற்றத்தாழ்வு பழைய காலம் போல இல்லை. விலையைக் குறைக்க அவர்கள் கைவைப்பது ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைகளில்: மெட்டுகளின் முனையை மழுக்குவது, மேற்பரப்பைச் சமன் செய்வது, நட்டை இழைத்து இறக்குவது. அடுத்ததாக, கண்ணில் படாத சுவிட்ச், ஜாக், உலோக உறுப்புகளில். இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைப் பிறகு சரிசெய்யலாம். கோணிய கழுத்தைச் சரிசெய்வதுதான் கடினம்.

ஆகவே கடையில் நிறத்தையும் மினுமினுப்பையும் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோலக் கிட்டாரின் தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்துக் கழுத்தின் இரு ஓரங்களையும் பார்த்தால், அது ஒரு பக்கமாக முறுக்கியிருக்கிறதா என்பது தெரியும். இலேசான முன்வளைவு குறையன்று, தேவை. உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியைத் திருகி அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். முறுக்கு இருந்தால் அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடலாம். பிறகு உள்ளங்கையைக் கழுத்தின் ஓரமாக மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் மரம் காய்ந்து சுருங்க, உலோக மெட்டுகளின் முனை வெளியே நீண்டு, அரம்போலக் கையைக் கீறும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டி, ஒலி சாகிற இடமோ கரகரப்போ உண்டா என்று கேட்க வேண்டும். ஆம்ப் என்னும் ஒலிபெருக்கியில் சொருகிக் குமிழ்களைத் திருகும்போதும் ஜாக்கை அசைக்கும்போதும் சடசடவென்ற ஓசை வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும். இதை அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

உடல் எந்த மரம் என்ற கேள்விக்கு எலக்ட்ரிக் கிட்டாரில் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கப்படுகிறது என்றே நான் கருதுகிறேன். பாப்லரோ, பாஸ்வுட்டோ, தொடக்கநிலையில் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. விரல் படும் பலகையைப் பற்றி மட்டும் நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. உலகெங்கும் கிட்டார்களின் விரல் பலகைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட இந்திய ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். ஈட்டி சேர்ந்த மரப் பேரினம் முழுவதையும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவந்தபோது நிறுவனங்கள் மாற்று மரம் தேடின. இன்று பல ஸ்குவையர் கிட்டார்களில் இருக்கும் 'இந்தியன் லாரல்' நம் கருமருது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு வந்துவிட்டது. ஆனாலும் கருமருதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை துடைத்து, ஆண்டுக்கு இரு முறை இலேசாக எண்ணெய் தடவினால் நெடுநாள் உழைக்கும் மரம் அது.

இனி, மேம்படுத்துவதைப் பற்றி. வாங்கிய மறு வாரமே, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று இளைஞர்கள் துடிப்பதைப் பார்க்கிறேன். அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதல் செலவு செட்டப்புக்கும் நல்ல தந்திகளுக்கும்தான். எங்கள் பக்கம் இரண்டுக்கும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடியும். தொடக்கநிலையில் 9 முதல் 42 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தந்தியின் தடிமன்) உள்ள தந்திக்கட்டு விரலுக்கு இதமாக இருக்கும். 12ஆம் மெட்டில் தந்தி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது நல்லது. அதே 12ஆம் மெட்டின் மேல் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் எழும் ஒலியும், அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும்; அழுத்தும்போது ஏறி ஒலித்தால் குதிரையில் அந்தத் தந்தி அமரும் சிறு துண்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

அடுத்தது நட். கருவியோடு வரும் பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டு, எலும்பில் இழைத்த நட் வைத்தால், சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு அத்தனை பெரிய மாற்றம் வேறெதிலும் கிடைக்காது. சுருதி நிற்கவில்லை என்றவுடன் தந்தியை முறுக்கும் டியூனிங் கீகளை மாற்றச் சொல்வார்கள். வீணையில் தந்தி முறுக்கும் பிரடை வழுக்குவது உண்டு; கிட்டாரில் கீ பற்சக்கரத்தில் இயங்குவதால் அது எளிதில் வழுக்காது. பெரும்பாலும் தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கி நிற்பதுதான் காரணம். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்து, கரியைப் படியவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கீ வாங்கும் செலவு மிச்சமாகும். அதன் பிறகும் நிற்காவிட்டால் மாற்றலாம்.

மின்பகுதியில் முதலில் மாற்றத் தகுந்தவை ஜாக்கும் சுவிட்ச்சும் குமிழ்களின் அடியில் இருந்து மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் பாட்களும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குப் பாட்டின் அளவு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி, முடியளவு மெல்லிய செம்புக் கம்பியை 8,000 சுற்று அளவுக்குச் சுற்றியது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது உள்வாங்கும். அதை அடக்கத்தான் 1950களில் கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் எதிரெதிரான இரண்டு சுருள்களை இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். ஆனால் உட்குழியில் செம்புத் தாள் ஒட்டினாலேயே இரைச்சலின் ஒரு பகுதி அடங்கும். பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைத்தாலே ஒலி வெகுவாக மாறும். இவை இரண்டையும் செய்யாமல் புதுப் பிக்கப் வாங்குவது வீண் செலவு. ஒலியைக் கூட்டும்போது பிக்கப் கீச்சிட்டால் சுருளுக்குள் மெழுகு ஏறவில்லை என்று பொருள். ராக் கிட்டார் கலைஞர் எட்வர்ட் வான் ஹேலன் தன் கைப்படச் சேர்த்த கிட்டாரில், கிப்சன் பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி எடுத்தே அதை அடக்கினார். உறுப்பு எதை வாங்கினாலும் முன்னதாக அளவெடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த கிட்டார்கள் சிலவற்றின் உடல் மெலிதாக இருப்பதால், குதிரையின் அடியில் உடலுக்குள் இறங்கும் முழு அளவுக் கட்டை பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

கர்நாடக இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் இப்போது என்னிடம் வருகிறார்கள். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வழக்கமான எட்டுத் தந்தி மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினில், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு இடம் கண்டார். ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனைகளை வாசித்துக் காட்டிவருகிறார். இந்த இசைக்கு மெல்லிய தந்தியும், சற்று உயரமான மெட்டுகளும், வழுவழுப்பான மெட்டுப் பரப்பும் வேண்டும். எனவே இவர்களுக்கு மட்டும் என் வரிசையில் ஒரு மாற்றம் உண்டு: செட்டப்பின்போதே மெட்டுகளைச் சமன் செய்து மெருகேற்றிவிட வேண்டும். இழுத்துப் பிடிக்கும்போது தந்தி மெட்டில் உராய்ந்தால் எந்தக் கமகமும் பேசாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிட்டாருக்கே பணம் முழுவதையும் செலவழித்துவிட்டு, கிடைத்த ஆம்பில் சொருகுகிறார்கள். 20,000 ரூபாய் கையிருப்பென்றால் அதில் 5,000 ரூபாயை ஆம்புக்கு ஒதுக்குங்கள். ஹெட்ஃபோன் இணைப்பு இருந்தால் அண்டை வீட்டாருக்கும் நல்லது. ஆம்பின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகும் பழக்கத்தைக் கை கூப்பிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். கிட்டாரின் தந்திகள் அந்த எர்த்தோடு இணைந்தவை. 1972இல் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். நம் திருவிழா மேடைகளிலும் ஜெனரேட்டர் மின்சாரத்தில்தான் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

இசைக்கருவிக் கடைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிராண்டு எதுவாக இருந்தாலும், விற்கும் ஒவ்வொரு கிட்டாரையும் செட்டப் செய்து, 12ஆம் மெட்டில் தந்தி உயரம், கழுத்து வளைவு, போட்டிருக்கும் தந்தியின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள். அதற்கு 1,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பெற்றோர் தருவார்கள். கடைகளில் கூட்டம் சேர்வது ஏப்ரல் கடைசி வாரத்தில். அதற்கு முன் இக்கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி