‘தூவோ’வா, ‘தெனீயா’வா: மாட்ரிட்டில் இருக்கும் மகளுக்கு

குவாத்ர் போர்ன், மொரீசியஸ்

அன்பு மகளே,

ஆஸ்பத்திரியில் நீ ஸ்பானியத்தில் எழுதி அனுப்பிய ஷிஃப்ட் குறிப்பைப் படித்தேன். மூத்த நர்ஸ் அடிக்கோடு போட்டது ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு, ‘தூவோ’வுக்கு: “லா என்ஃபெர்மா தூவோ ஃபியேப்ரே குவாந்தோ மே ஃபுயி.” ‘காய்ச்சல் இருந்தது என்றுதானே எழுதினேன், இதில் என்ன தப்பு?’ என்று கேட்கிறாய்.

நீ எழுத நினைத்தது, ‘நான் கிளம்பும்போது அவருக்குக் காய்ச்சல் இருந்தது’ என்று. எழுதியதோ, ‘நான் கிளம்பியதும் அவருக்குக் காய்ச்சல் கண்டது’ என்பது போல நிற்கிறது. அங்கே ‘தெனீயா’ வந்திருக்க வேண்டும். ‘தெனீயா ஃபியேப்ரே’ என்றால் நீ கதவைத் தாண்டிய நேரத்தில் காய்ச்சல் ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் தணியவில்லை; அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். ‘போர் லா நோச்சே தூவோ ஃபியேப்ரே’ என்று எழுதினால், இரவில் ஒரு தடவை காய்ச்சல் வந்தது, அந்தக் கணக்கு முடிந்தது என்று படிப்பார்கள். ஆஸ்பத்திரியில் இந்த இரண்டும் ஒன்றல்ல. (ஸ்பானியத்தில் ‘வ’வும் ‘ப’வும் ஒரே ஒலிதான். நான் இங்கே எழுத்தைப் பார்த்து எழுதுகிறேன்.)

ஸ்பானியத்தில் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள்: ‘தூவோ’ இந்தெஃபினீதோ, ‘தெனீயா’ இம்பெர்ஃபெக்தோ. நீண்ட நேரம் நடந்ததற்கு இம்பெர்ஃபெக்தோ, சட்டென்று முடிந்ததற்கு இந்தெஃபினீதோ என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை இன்றோடு மறந்துவிடு. நம் தீவையே எடுத்துக்கொள். பிரெஞ்சுக்காரர்கள் 1715 முதல் 1810 வரை ஆண்டார்கள். 95 வருஷம். அதற்கு ஸ்பானியத்தில் ‘கோபெர்னாரோன்’, இந்தெஃபினீதோ. தொடக்கமும் முடிவும் சேர்த்து அந்த ஆட்சியை முழுசாகப் பார்க்கிறோம், அதனால். அதே ஆட்சியை 1810 நவம்பரில் பிரிட்டிஷ் படை வடகரையில் இறங்கிய நாளிலிருந்து பார்த்தால், ‘அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்’: ‘கோபெர்னாபான்’. ஆட்சி ஒன்றுதான், வருஷமும் மாறவில்லை. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் மாறியது. செயலின் முடிவும் கண்ணுக்குள் இருந்தால் இந்தெஃபினீதோ, நடுவில் நின்று பார்த்தால் இம்பெர்ஃபெக்தோ.

1847-இல் சிலி நாட்டில் வெளிவந்த தன் ஸ்பானிய இலக்கண நூலில் அந்த்ரேஸ் பெய்யோ என்ற அறிஞர், இம்பெர்ஃபெக்தோவைக் ‘கோப்ரெத்தேரித்தோ’ என்கிறார்: இன்னொரு இறந்தகாலச் செயலோடு கூடவே ஓடுவது. மெக்சிகோ பள்ளிகளில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். எனக்கு அதுவே பிடிக்கும். ‘முடியாதது’ என்று பொருள்படும் இம்பெர்ஃபெக்தோவைவிட அது வேலைக்கு உதவுகிறது.

இதற்கெல்லாம் உனக்கு ஒரு துணை கையிலேயே இருக்கிறது. ‘அந்தக் காலத்தில் தாத்தா விடியுமுன் மஹேபூர்க் கடலுக்குப் போவார், எட்டு மணிக்குத் திரும்புவார், ரெண்டு தோசை சாப்பிடுவார்’ என்று நாம் பேசுவோம். நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறோம், ஆனால் வினை ‘போவார், திரும்புவார், சாப்பிடுவார்’. வழக்கமாக நடந்ததைச் சொல்லும்போது இப்படி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இம்பெர்ஃபெக்தோ போடு: ‘ஈபா, வோல்வீயா, கொமீயா’. ‘-கொண்டிருந்தது’ வந்தாலும் அதேதான்: மழை பெய்துகொண்டிருந்தது, ‘யோவீயா’. நம் தீவின் கிரியோல் மொழியில் ‘தி பே’ வரும் இடமும் இதுதான். ‘மோ தி பே தோர்மி’, நான் தூங்கிக்கொண்டிருந்தேன், என்றால் ‘தோர்மீயா’. மாறாக, தமிழில் ‘-விட்டது’ சேர்த்துப் பார்த்து அது உறுத்தாமல் உட்கார்ந்தால் பெரும்பாலும் இந்தெஃபினீதோ: தூங்கிவிட்டார், ‘சே துர்மியோ’.

தமிழ் கைவிடுகிற இடங்கள் இரண்டு. ஒன்று ‘இருந்தது, இருந்தார்’. ‘மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்’ என்பதும் ‘நான் போனபோது ஆஸ்பத்திரியில் இருந்தார்’ என்பதும் நமக்கு ஒரே சொல். ஸ்பானியத்தில் முதலாவது ‘எஸ்தூவோ’, இரண்டாவது ‘எஸ்தாபா’. எத்தனை நாள், எத்தனை மணி என்ற கணக்கு கூடவே வந்தால் வேலி போட்டாகிவிட்டது, அங்கே இந்தெஃபினீதோதான். இன்னொன்று ‘இல்லை’. ‘சாப்பிடவில்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் ‘நோ கொமியோ’. அந்த நாட்களில் சாப்பாடு இறங்காமலே இருந்தது என்றால் ‘நோ கொமீயா’. இன்று காலை இன்னும் சாப்பிடவில்லை என்றால் மூன்றாவது ஒன்று, ‘நோ ஆ கொமீதோ’. குறிப்பில் ‘இல்லை’ எழுதும்போதெல்லாம், எந்த நேரத்து இல்லை என்று உன்னையே கேட்டுக்கொள்.

பிரெஞ்சு தெரிந்த நம் பிள்ளைகள் இதில் பாதி தூரம் சிரமமில்லாமல் போய்விடுகிறார்கள். அம்பார்ஃபே என்ற பிரெஞ்சு இறந்தகாலம் வரும் இடத்தில் பெரும்பாலும் ஸ்பானிய இம்பெர்ஃபெக்தோதான். மீதிப் பாதியில் விழுகிறார்கள். போன வருஷக் காவடி எப்படி இருந்தது என்று கேட்டால் பிரெஞ்சில் ‘செதே போ’ (அழகாக இருந்தது) என்போம், அம்பார்ஃபே. அதை அப்படியே ‘ஏரா போனீதோ’ என்று மாற்றினால், கேட்கிற ஸ்பானியர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறாய் என்று காத்திருப்பார். முடிந்த விழாவை மதிப்பிட்டுச் சொல்லும்போது ‘ஃபுவே முய் போனீதோ’. படம் பிடித்திருந்ததா என்றால் ‘மே குஸ்தோ’. ‘மே குஸ்தாபா’ என்றால் ஒரு காலத்தில் பிடித்தது, இப்போது அப்படியில்லை என்று ஒலிக்கும்.

இன்னொரு குழி பாஸே கொம்போஸே என்ற இன்னொரு பிரெஞ்சு இறந்தகாலம். ‘ஜே மான்ஜே’ (சாப்பிட்டேன்) என்பதை நேற்றைக்கும் இன்றைக்கும் சேர்த்துப் போட்டுப் பழகிய வாய் நமக்கு. நீ இருக்கும் மாட்ரிட்டில் இன்றைக்கு நடந்தது ‘எ கொமீதோ’, நேற்று நடந்தது ‘கொமீ’. ‘அயேர்’ (நேற்று) சேர்த்து ‘அயேர் எ கொமீதோ’ என்றால் வெளிநாட்டவர் பேச்சு என்று உடனே தெரிந்துவிடும். உன் வார்டில் கொலம்பியாக்காரர்கள் இருந்தால் அவர்கள் இன்றைக்கு நடந்ததற்கும் பெரும்பாலும் ‘ஓய் கொமீ’ என்பார்கள். கலீசியாக்காரர்களும் அப்படித்தான். அது தப்பில்லை, அவர்கள் ஊர் வழக்கு. நீ வேலை செய்யும் ஊரின் வழக்கைப் பிடித்துக்கொள்.

பாடப்புத்தகங்களில் ஒரு அட்டவணை இருக்கும்: ‘அயேர்’ வந்தால் இந்தெஃபினீதோ, ‘சியெம்ப்ரே’ (எப்போதும்) வந்தால் இம்பெர்ஃபெக்தோ என்று. பரீட்சைக்கு அது போதும், பேச்சுக்குப் போதாது. ‘அயேர் யோவீயா குவாந்தோ சலீ’, நேற்று நான் கிளம்பியபோது மழை பெய்துகொண்டிருந்தது. ‘அயேர்’ இருக்கிறது, வினை இம்பெர்ஃபெக்தோ. ‘சியெம்ப்ரே கீசே செர் என்ஃபெர்மேரா’, எப்போதுமே நர்ஸாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ‘சியெம்ப்ரே’ இருக்கிறது, வினை இந்தெஃபினீதோ. எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் நம்பலாம்: ‘மூன்று தடவை’ என்று எண்ணிச் சொன்னால் இந்தெஃபினீதோ, ‘வெள்ளிக்கிழமைதோறும்’ என்று பழக்கமாகச் சொன்னால் இம்பெர்ஃபெக்தோ.

சில வினைகள் காலம் மாறினால் பொருளே மாறுவது போல நடந்துகொள்ளும். உன் வேலையில் இவைதான் அதிகம் அகப்படும், ஆகையால் நிதானமாகப் படி. ‘சபீயா’ என்றால் தெரிந்திருந்தது, ‘சூபே’ என்றால் அப்போதுதான் தெரியவந்தது. ‘கோனோசீயா’ முன்பே பழக்கம், ‘கோனோசீ’ முதல்முறை சந்தித்தேன். ‘போதீயா நடக்க’ என்று எழுதினால் நடக்கும் திறன் இருந்தது, நடந்தாரா என்று தெரியாது. ‘பூதோ’ என்றால் முயன்று நடந்தேவிட்டார். ‘நோ பூதோ’ என்றால் முயன்றார், முடியவில்லை. ‘நோ கெரீயா’ என்றால் மாத்திரை போட மனமில்லை, கடைசியில் போட்டும் இருக்கலாம். ‘நோ கீசோ’ என்றால் மறுத்துவிட்டார், போடவில்லை. மாத்திரை உள்ளே போனதா இல்லையா என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘தெனீயா கே இர்’, போக வேண்டியிருந்தது, போனாரோ இல்லையோ. ‘தூவோ கே இர்’, போக வேண்டிவந்தது, போனார்.

ஒரு சின்னக் குறிப்பு, நெருக்கமாகப் பார்:

“அ லாஸ் த்ரேஸ் லா என்ஃபெர்மா எஸ்தாபா தோர்மீதா. தெனீயா ஊன் போகோ தே ஃபியேப்ரே. தே ரெபென்தே சே தெஸ்பெர்தோ இ தீஹோ கே லே தொலீயா எல் பேச்சோ. யமே அல் மேதிகோ. வீனோ என்செகீதா.”

மூன்று மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார், லேசான காய்ச்சல்: இரண்டும் அந்த நேரத்து நிலை, இரண்டும் இம்பெர்ஃபெக்தோ. திடீரென விழித்தார், சொன்னார், டாக்டரைக் கூப்பிட்டேன், வந்தார்: ஒவ்வொன்றும் ‘அடுத்து என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்குப் பதில், நான்கும் இந்தெஃபினீதோ. நடுவே ‘லே தொலீயா’ மட்டும் ஏன் இம்பெர்ஃபெக்தோ? அவர் வாயிலிருந்து வந்தது ‘மே துவேலே’, வலிக்கிறது. ‘சொன்னார்’ என்று இறந்தகாலத்தில் மாற்றிச் சொல்லும்போது அந்த நிகழ்காலம் இம்பெர்ஃபெக்தோவாக இறங்கும். இப்போது ‘சே தெஸ்பெர்தோ’வை எடுத்துவிட்டு ‘சே தெஸ்பெர்தாபா’ வைத்துப் பார்: இரவெல்லாம் அடிக்கடி விழித்துக்கொண்டே இருந்தார் என்றாகிவிடும். ‘தே ரெபென்தே’யோடு அது ஒட்டவே ஒட்டாது.

வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இம்பெர்ஃபெக்தோவில் முறை தவறுபவை மொத்தமே மூன்று: ‘செர்’ (இரு) ஏரா, ‘இர்’ (போ) ஈபா, ‘வேர்’ (பார்) வெயீயா. உருப்போட வேண்டியது இந்தெஃபினீதோவை. ‘தூவே, எஸ்தூவே, பூதே, பூசே, சூபே, கீசே, ஈசே, வீனே, தீஹே, த்ராஹே’ ஆகியவற்றுக்குக் கடைசி எழுத்தின் மேல் போடும் அழுத்தக் குறி கிடையாது. ‘தீஹே, த்ராஹே’ இரண்டும் ‘அவர்கள்’ என்று வரும்போது ‘தீஹேரோன், த்ராஹேரோன்’. நடுவில் ஒரு ‘இ’யைச் செருகிவிடாதே. ‘ஃபுயி’ என்பது போனேன், இருந்தேன் இரண்டுக்கும் பொது, சூழலே காட்டிக்கொடுக்கும்.

முறையான வினைகளில் குறிதான் உயிர். ‘தோமோ லா பாஸ்தீயா’ என்று குறி இல்லாமல் எழுதினால் ‘நான் மாத்திரை சாப்பிடுகிறேன்’. கடைசி ‘ஓ’வின் மேல் குறி போட்டால் ‘அவர் சாப்பிட்டார்’. கைபேசியில் அவசரமாகத் தட்டும்போது குறியை விட்டால் நோயாளியின் மாத்திரையை நீ விழுங்கியதாகிவிடும். விசைப்பலகையை ஸ்பானியத்துக்கு மாற்றி வை, இன்றைக்கே.

கடையில் ‘கெரீயா ஊன் கஃபே’ என்பார்கள். காப்பி வேண்டும் என்று இப்போதுதான் கேட்கிறார்கள், மரியாதைக்காக வினையைப் பின்னால் தள்ளுகிறார்கள். நீயும் அப்படியே கேள். பத்திரிகையில் மட்டும் ஒரு விசித்திரம் காண்பாய்: பத்தாவது நிமிஷம் கோல் போட்டார் என்பதற்கு ‘மார்காபா’ என்று எழுதுவார்கள். அது செய்தி எழுதுகிறவர்களின் நடை, குறிப்பில் எழுதிவிடாதே. பிரெஞ்சுப் பழக்கத்தில் ‘நேரம் இருந்தால்’ என்பதற்கு ‘சி தெனீயா தியெம்போ’ என்றும் வாய் போகும். நடக்க வாய்ப்பில்லாததைச் சொல்லும்போது அங்கே ‘சி துவியேரா’. அது வேறு பாடம், அடுத்த கடிதத்தில்.

இந்த வாரக் குறிப்புகளில் ‘இருந்தது’ வரும் வரிகளை மட்டும் தனியே எடுத்து எனக்கு அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த நேரத்தில் நின்று பார்த்தாய் என்று தமிழிலேயே ஒரு சொல் எழுதிவிடு. நான் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா